படகு மாதிரி நிலா வரைந்தால் தப்பா?

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளியில் நிலா வரையச் சொல்லியிருக்கிறார்கள். இவள் இரண்டு நுனியும் வானத்தைப் பார்க்கிற மாதிரி, தண்ணீரில் மிதக்கிற தோணி போல ஒரு பிறையை வரைந்து வைத்திருக்கிறாள். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற பிறை ஒன்றைப் போட்டு "இப்படி வரையவும்" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நோட்டைச் சோபாவில் வீசிவிட்டு, "நான் மாடியில பாத்ததத்தானம்மா வரைஞ்சேன்" என்று ஒரே அழுகை.

பிள்ளை சொன்னதுதான் சரி. நிலாவில் வெளிச்சம் விழுகிற பக்கம் எப்போதும் சூரியன் இருக்கிற திசையைப் பார்த்துத்தான் இருக்கும். எங்கள் புதுக்கோட்டையில் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்கி மறைகிறது, அதனால் சாயங்காலப் பிறைக்கு நேர் கீழே சூரியன், பிறைக்கு அடிவயிற்றில் வெளிச்சம். இங்கிலாந்து மாதிரி வடக்கே தள்ளியிருக்கிற ஊர்களில் சூரியன் சாய்வாக இறங்கி வலது பக்கம் போய்விடும், பிறையும் நிமிர்ந்து நிற்கும். நம் பாடப்புத்தகப் பிறை அந்த ஊர்ப் பிறை! மாசி, பங்குனியில் இங்கே தெரிவது அசல் தோணி, புரட்டாசி ஐப்பசி வாக்கில் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாயும். பக்கத்து வீட்டு பாய் குடும்பம் நோன்புப் பிறை பார்க்க மாடி ஏறும்போது எங்களையும் கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பொடிசுகளைக் கேட்டாலே சொல்லிவிடும், பிறை எப்படி இருக்கும் என்று.

டீச்சரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, அவரும் புத்தகத்தில் இருந்ததைத்தான் போட்டிருக்கிறார். என் கோபமெல்லாம் நிலாவைக் காட்டாமலே நிலாவைச் சொல்லிக்கொடுக்கிற இந்தப் பழக்கத்தின் மேல். போன வருஷம் "நிலாவின் பிறைகள்" என்று ஒரு ப்ராஜெக்ட் வந்தது. தெர்மாகோல், கறுப்பு சார்ட், ஜிகினா என்று முன்னூறு ரூபாய்க்கு வாங்கி, ராத்திரி பதினோரு மணிக்கு நானும் அவரும் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தோம். பிள்ளை தூங்கிவிட்டாள். அன்றைக்கு வெளியே நிலா இருந்ததா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

க்ரீம் பிஸ்கட்டைச் சுரண்டிப் பிறை செய்கிற விளையாட்டு ஒன்று எல்லா வீடியோவிலும் வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. செய்து பார்த்த அன்றைக்கு இவள் கேட்ட கேள்வி, "மிச்ச நிலாவ யாரு தின்னா?" நியாயமான கேள்விதான், சுரண்டிக் காட்டினால் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? மூன்றாம் பிறை அன்றைக்கு மாடிக்குக் கூட்டிப்போய் நன்றாக உற்றுப் பார்க்கச் சொன்னேன். பிறைக்கு உள்ளே மிச்ச வட்டமும் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் தெரியும். பூமியில் பட்டுத் தெறித்துப் போன வெளிச்சம் அது. "இருக்கும்மா, முழுசா இருக்கு!" என்று அவள் கத்தியதில் கீழே அப்பத்தா பயந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டு நிலா வகுப்புக்கு முதல் பாடப்புத்தகம் சமையலறையில் தொங்குகிற தினசரிக் காலண்டர். தினமும் தாளைக் கிழிப்பது அவள் வேலை, கிழித்ததும் திதி என்ன என்று வாசிக்க வேண்டும். அஷ்டமி என்றால் பாதி நிலா, சதுர்த்தி என்றால் அதற்கும் மெல்லிசு. வளர்பிறையா தேய்பிறையா என்று பார்த்து அன்றைக்கு நிலா எப்படி இருக்கும் என்று முதலில் நோட்டில் வரைந்துவிட்டு அப்புறம்தான் மாடிக்குப் போக வேண்டும். அப்பத்தா ஏகாதசி விரதம் என்றால் "இன்னும் நாலு நாள்ல பௌர்ணமி" என்று இப்போது இவளே கணக்குச் சொல்கிறாள். சதுர்த்தி அன்றைக்கு மட்டும் தகராறு. நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்று அப்பத்தா விடமாட்டார்கள், நாங்கள் துணி எடுக்கப் போகிற மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். (இதை அவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறோம். தினமும் ஏழு மணிக்கு அதன் மேல் நின்றுதான் பார்க்க வேண்டும். மூன்றாம் பிறை எதிர்வீட்டுத் தென்னை மரத்துக்கு மேலே மேற்கில் இருந்தது. மறுநாள் அதே நேரத்துக்குக் கையை நீட்டி முஷ்டியை வைத்து அளந்தால் ஒரு முஷ்டியும் கொஞ்சமும் கிழக்கே தள்ளி நிற்கிறது. அஷ்டமிக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். பௌர்ணமி அன்றைக்குக் கிழக்கே அப்போதுதான் எழும்பி வந்திருந்தது. அடுத்த நாள் ஏழு மணிக்கு நிலாவையே காணோம், இவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் வரும் என்றேன், இருந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். நிலா தினமும் சராசரியாக ஐம்பது நிமிஷம் தாமதமாக உதிக்கிறது என்று நானும் படித்தவள்தான், மார்க்குக்காக. தேய்பிறை அஷ்டமி வாக்கில் காலையில் பள்ளி வேனுக்கு நிற்கும்போதும் நிலா வானத்தில் இருக்கும், கையைக் காட்டினால் போதும். "நிலா ராத்திரிதான் வரும்" என்று எழுதியிருக்கிற பாடத்தை அதற்கப்புறம் அவள் நம்புவதில்லை.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் விளக்கும் எலுமிச்சம்பழமும். ஹாலில் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு குண்டு பல்பு, பென்சில் நுனியில் குத்திய எலுமிச்சம்பழம், அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே இடது பக்கமாகச் சுற்ற வேண்டும். பல்பு சூரியன், பிள்ளையின் தலை பூமி. பிறை, பாதி, முழுசு, மறுபடி தேய்வது என்று எல்லாம் பழத்திலேயே வந்துவிடும். பழத்தைத் தலைக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் திரும்பும்போது தலை நிழல் விழுந்துவிடும். நிழல் விழுந்தால் அது கிரகணம். பூமி நிழல் விழுவதால்தான் பிறை வருகிறது என்று எஞ்சினியரிங் படித்த எங்கள் வீட்டுக்காரர் அன்றுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். நிலாவின் பாதை ஐந்து டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான மாதங்களில் நம் நிழலுக்கு மேலேயோ கீழேயோ போய்விடுகிறது. 2025 செப்டம்பர் 7 ராத்திரி அப்படித் தப்பிக்காமல் மாட்டிக்கொண்டது. பதினோரு மணிக்கு இவளை எழுப்பி அந்தச் செம்பு நிற நிலாவைக் காட்டினோம், "எலுமிச்சம்பழம் நிழல்ல மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டுத் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தேங்காய் விளையாட்டு. உரித்த தேங்காய் பூமி. இருக்கிறதிலேயே சின்ன எலுமிச்சம்பழம் நிலா, குறுக்களவில் பூமியில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூட. நிலாவை எவ்வளவு தூரத்தில் வைப்பாய் என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும், ஏன், வந்திருந்த என் தம்பியும், தேங்காய்க்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி வைப்பார்கள். படங்களில் அப்படித்தானே இருக்கிறது. நிஜத்தில் நடுவில் முப்பது தேங்காய் வரிசையாக வைக்கலாம், 3,84,400 கிலோமீட்டர் அது. ஹாலில் பன்னிரண்டு அடி தள்ளி, ஃப்ரிட்ஜுக்குக் கீழே போய் உட்கார்ந்தது எங்கள் நிலா. சூரியன் எங்கே என்றாள். இந்தக் கணக்குக்குச் சூரியன் நாலு மாடி உயரம், ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வைத்துக்கொள் என்றேன்.

தாம்பாளத்தில் மைதாவைப் பரப்பி, மேலே கேழ்வரகு மாவைத் தூவி, கோலிக்குண்டு போட்டுப் பள்ளம் பறிக்கிற விளையாட்டும் நல்லதுதான், வீடு கூட்டத் தயாராக இருந்தால். நிலாவில் இறங்கிப் பழக இஸ்ரோவுக்கும் நிலா மண் மாதிரி ஒன்று தேவைப்பட்டது, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைப் பொடித்துத்தான் செய்தார்கள். இதைச் சொன்னதிலிருந்து நாமக்கல் போகலாம் என்று ஒரே நச்சரிப்பு.

இந்தப் பதிவை எழுதும் இன்று எங்கள் காலண்டரில் வளர்பிறை திருதியை. ஆறே முக்காலுக்கு மேற்கே பார்க்கப் போகிறோம், மேகம் இல்லை. உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப்போய், தெரிவதை அப்படியே வரையச் சொல்லி கமெண்டில் போடுங்கள். எத்தனை தோணி வருகிறது என்று எண்ணிக்கொண்டு போய் டீச்சரிடம் காட்ட வேண்டும் என்று இங்கே ஒருத்தி காத்திருக்கிறாள்.