மோர் தெளிக்கும் முன் வீடு எந்தக் கரையில் என்று சொல்லுங்கள்

தைப்பூசக் காவடி நெருங்கினால் போதும், இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் வாழும் தமிழர்களின் குழுக்களில் ரோஜா இலைப் படங்கள் வரிசைகட்டும். "மஞ்சளாகி உதிருது, என்ன செய்யலாம்?" என்று ஒருவர் கேட்பார். புளித்த மோர், ஆப்ப சோடா, மஞ்சள் தூள், வெங்காயத் தோல் தண்ணீர் என்று ஆளுக்கொரு வைத்தியம் வந்து விழும். பாதி தமிழ்நாட்டு யூடியூப்பில் பார்த்தது. நான் கேட்பது ஒன்றுதான்: வீடு கிழக்குக் கரையின் சேன்-ஆந்த்ரேயிலா, மேற்குக் கரையின் சேன்-ழில்லிலா?

கிண்டலுக்காகக் கேட்கவில்லை. கிழக்கே ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மேற்குக் கரையில் 1,000-ஐத் தொடாத ஊர்களும் உண்டு. இந்த வித்தியாசம்தான் ரோஜாவுக்கு எந்த நோய் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

கரும்புள்ளி நோய்க்கு ஈரம் வேண்டும். இலை ஏழு மணி நேரம் போல நனைந்தே இருந்தால் பூசண வித்து உள்ளே இறங்கிவிடும். முதலில் அடி இலைகளில்தான் பாருங்கள்: ஓரம் பிசிறடித்த கறுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள், அப்புறம் தொட்டாலே இலை கையோடு வரும். சாம்பல் நோய் நேர் எதிர். துளிரிலும் மொட்டுக் காம்பிலும் வெள்ளை மாவு பூசியதுபோல் வரும். அதற்கு ஈரக் காற்று போதும். இலைமேல் தண்ணீர் நின்றால் அதன் வித்து சரியாக முளைக்காது.

மோர், பால், சோடா எல்லாம் ஓரளவு கேட்பது இந்தச் சாம்பல் நோய்க்குத்தான். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அல்லது லிட்டருக்கு 5 கிராம் சோடா. சோடாவைக் கூட்டினால் இலை கருகும், மண்ணில் உப்பும் சேரும். இதை வெறும் பாட்டி வைத்தியம் என்று நான் ஒதுக்கவில்லை. சோடாவுக்கு 2015-லும் பசும்பாலுக்கு 2020-லும் ஐரோப்பிய ஒன்றியமே பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதி தந்திருக்கிறது. 2019 ஜனவரியிலிருந்து வீட்டுத் தோட்டத்துக்குச் செயற்கை மருந்து வாங்கவோ அடிக்கவோ இங்கே சட்டம் விடுவதில்லை என்பதால், நமக்கு வேறு வழியும் குறைவு.

ஆனால் கிழக்கே சேன்-பெனுவாவில் ஜனவரி மழையில் கரும்புள்ளிக்கு மோர் தெளிப்பது வீண் வேலை. அடுத்த மழையே கழுவிவிடும். ஊர் வீடியோக்களில் மார்கழிப் பனிக்குச் சொல்லும் கணக்கு நமக்கு ஆகாது; இங்கே மார்கழி என்றால் கோடை, புயல் காலம். கிழக்கே இருப்பவர்கள் விழுந்த இலையைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் வேண்டாம். கவாத்து செய்து, அதாவது நெருங்கிய கிளைகளை வெட்டி, செடிக்குள் காற்று போக விடுங்கள். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். அலுப்பான வேலைதான், லைக்கும் விழாது.

நம் தீவில்தான் பூர்போன் ரோஜாவே பிறந்தது. வேலியோரத்தில் சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தானாகக் கலந்த கலப்பு அது. மணம் அள்ளும். கரும்புள்ளியும் அதற்குச் சுலபமாகப் பிடிக்கும். சொந்த ஊர்ச் செடியாயிற்றே, தாங்கும் என்று நம்பி கிழக்கே நடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

இல்லை, காவடிக்கு வீட்டு ரோஜாதான் வேண்டும் என்று பிடிவாதமா? சரி. தொட்டியில் வைத்து, வெளிச்சம் வரும் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். மழை படாது, கரும்புள்ளி அடங்கும். கொஞ்ச நாளில் சாம்பல் வரும். அப்போது எடுங்கள் உங்கள் மோரை.