நித்தியகல்யாணிச் சாறு வின்கிரிஸ்டின் ஆகாது

“வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்துதான் வருகிறது, ஆகவே தினமும் பத்து இலையை அரைத்துக் குடித்தால் இரத்தப் புற்று குணமாகும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி உண்மை: வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இந்தச் செடியிலிருந்து வருவதுதான். “ஆகவே” என்ற சொல்லில்தான் சறுக்கல்.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இந்த இலையை ஆராய்ந்தது சர்க்கரை நோய்க்காக. எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. இரத்த நாளத்தில் ஏற்றியபோது வெள்ளணுக்கள் சரிந்து, எலிகள் தொற்றில் இறந்தன. அந்தச் சாவுகளைத் துருவிப் பார்த்ததில் கிடைத்ததே வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து; வின்கிரிஸ்டின் அதன் பின்னால் வந்தது. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு நைட்ரஜன் மேல் ஒட்டியிருக்கும் சிறு தொகுதி மட்டுமே: வின்பிளாஸ்டினில் மெத்தில், வின்கிரிஸ்டினில் ஃபார்மைல். அதற்கே முன்னது எலும்பு மஜ்ஜையை அதிகம் தாக்குகிறது, பின்னது நரம்புகளை. பத்து இலையில் எது எவ்வளவு இருக்கிறது என்று அம்மியா சொல்லும்?

அளவையும் பாருங்கள். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் பிரிக்க அரை டன்னுக்கும் மேல் காய்ந்த இலை வேண்டும். பெரியவருக்கு ஒரு வேளை மருந்தே பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாது; அதுவும் சிரை வழியாக மட்டும். தவறித் தண்டுவடத் திரவத்தில் போனால் உயிர் போகும், ஊசி நாளத்திலிருந்து விலகினால் சதை வெந்துவிடும்.

இலையிலோ நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலாய்டுகள் (செடி உண்டாக்கும் வீரியமான வேதிப்பொருள்கள்) கலந்து கிடக்கின்றன. சிகிச்சையில் இருப்பவர் யாரும் இதைக் குடித்துப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே குடித்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.