பேரிங் மாற்ற முடியாத வாஷிங் மெஷின்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் துணியைப் பிழியும்போது கடகடவென்று அலறுவதற்குக் காரணம், டிரம்முக்குப் பின்னால் தேய்ந்துபோன, சில நூறு ரூபாய் மட்டுமே பெறும் ஒரு பேரிங்தான் (டிரம் உராய்வின்றிச் சுழல உதவும் வளையம்). அதை மட்டும் மாற்ற முடியாது என்கிறார் மெக்கானிக். டிரம்மைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் இரு பாதிகளையும் திருகாணி போட்டு இணைக்காமல், உருக்கி ஒட்டிவிட்டார்கள். தொட்டியை முழுதாக மாற்றுவதற்குப் புதிய மெஷின் விலையில் பாதி ஆகுமாம். வயிறு எரிகிறது.

பழைய மெஷின்கள் பலவற்றில் அந்தத் தொட்டியைக் கழற்றி, பேரிங்கையும், அதற்குள் தண்ணீர் புகாமல் காக்கும் ஆயில் சீலையும் மாற்றிப் பூட்டினால், மீண்டும் பல ஆண்டுகள் ஓடும். பழையவை எல்லாமே நீடித்து உழைத்தன என்று சொல்லவில்லை; உழைக்காதவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. ஆனால் பழுதுபார்க்கவே வழியில்லாதபடி ஒரு பொருளைச் செய்து விற்பது அநியாயம். மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டிலும் இதே கதைதான்: ஈரம் படாமலிருக்க அதன்மேல் பிசின் ஊற்றி மூடிவிடுவதால், ரிலே என்ற ஒரு சின்ன மின் சுவிட்ச் போனாலும் போர்டு முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், வாஷிங் மெஷினுக்கான முக்கிய உதிரி பாகங்கள் குறைந்தது 10 ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும் என்ற விதி 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022இல் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. இணையதளம் இருந்து என்ன பயன், தொட்டியைத் திறக்கவே முடியாதபோது? இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு விற்கும் மெஷினில் நாலு திருகாணி வைக்கவா இவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை?