‘இன்னிக்கே மீன் விட்டுடலாம் மேடம்’

உப்புத் தண்ணீர் மீன்தொட்டி விற்கிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்தாலே பாதி மீன்கள் பிழைக்கும். தொட்டி, உப்பு, விளக்கு, பம்ப், மீன் எல்லாம் ஒரே நாளில். காலையில் கடைப் பையன் வந்து மாட்டிவிட்டுப் போவான், சாயங்காலம் க்ளவுன் மீன் நீந்தும். அடுத்த வாரம் யாராவது எனக்கு போன் பண்ணுவார்கள். வருடக் கணக்காக இதே கதைதான்.

இந்த முறை போன் அக்காவிடமிருந்து. “டேய், மீன் மேலேயே நின்னு வாயைத் திறந்து திறந்து மூடுதுடா, பையன் அழறான்.” மகன் ஆசைப்பட்டான் என்று சென்னையில் ஒரு கடையில் ‘முழு ரீஃப் செட்’ வாங்கியிருக்கிறாள். இரண்டடித் தொட்டி. அதில் ஒரு ஜோடி க்ளவுன், ப்ளூ டாங்க் என்கிற நீல மீன் ஒன்று, ஒரு அனிமோன் (பூப் போல விரிந்து பாறையில் ஒட்டி வாழும் கடல் உயிரி). எல்லாம் முதல் நாளே உள்ளே.

நான் போனபோது அனிமோன் பாறையை விட்டு நழுவி மணலில் கிடந்தது. வாய் பிளந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே தள்ளி, தொட்ட இடமெல்லாம் கையோடு கரைந்து வந்தது. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். அம்மோனியா டெஸ்ட் போட்டேன். மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் என் கண்ணெதிரே கரும்பச்சையாக மாறியது. ப்ளூ டாங்க் மீன் ஏற்கெனவே செத்துவிட்டது.

இது விதி இல்லை, நோய் இல்லை. மீனின் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியாவாகும். அது விஷம். பாறையிலும் மணலிலும் பாக்டீரியா குடியேறி அதை நைட்ரைட்டாக மாற்ற வேண்டும், இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். இந்தப் படை உருவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. பாக்டீரியாவுக்கு உணவாகக் கொஞ்சம் அம்மோனியா சொட்டு விட்டு, டெஸ்ட் எடுத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நின்ற பிறகுதான் முதல் மீன். அனிமோனுக்கு அதுவும் போதாது, தொட்டிக்குப் பல மாத வயது ஆகணும், நல்ல விளக்கும் வேண்டும். க்ளவுன் மீனோ தொட்டியில் அனிமோன் இல்லாமலே சௌக்கியமாக வாழும். இதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியாதா? தெரியும். அவர் கடைத் தொட்டி மட்டும் ஏன் நன்றாக ஓடுகிறது?

அக்கா கடைக்கு போன் போட்டாள். பக்கத்திலிருந்து கேட்டேன். “சாப்பாடு அதிகமா போட்டிருப்பீங்க மேடம். உயிருள்ளதுக்கு கேரண்டி கிடையாது. வேணும்னா பாக்டீரியா பாட்டில் ஒண்ணு வாங்கி ஊத்துங்க.” விஷத்தில் மீனை இறக்கிவிட்டது அவர், பழி சாப்பாடு போட்ட பையன் மேல்! அவன் எட்டு வயதுக் குழந்தை. ‘நான்தான் கொன்னுட்டேனா மாமா’ என்று என்னிடம் கேட்கிறான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

ப்ளூ டாங்க் வளர்ந்தால் 30 செ.மீ. வரை வரும். அதை இரண்டடித் தொட்டிக்கு விற்பதே அநியாயம். அந்த மீன் பெரும்பாலும் கடலில் பிடிபட்டு வருவது. 2016-ல்தான் முதல்முறையாக அமெரிக்காவில் தொட்டியில் குஞ்சு பொரித்து வளர்த்தார்கள். எந்தக் கடலிலோ திரிந்த ஜீவனை அத்தனை தூரம் கொண்டுவந்து, ஒரு வாரம்கூட வாழ விடாமல் சாகடிக்கிறோம். க்ளவுன் மீனைக் கடலில் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ராமேஸ்வரம் பக்கத்தில் நம் மண்டபம் ஊரிலேயே செய்து காட்டியிருக்கிறது. வளர்ப்பு மீன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். கேட்டால் கடையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அப்புறம் தொட்டி மாட்ட வந்த கடைப் பையன் சொல்லிவிட்டுப் போன அறிவுரை. ‘தண்ணி குறைஞ்சா உப்புத் தண்ணியே கரைச்சு ஊத்துங்க.’ ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். குறைந்ததற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றணும், அதுவும் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யமான தண்ணீர். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) வேண்டாம், ஃபேன் போதும் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். ஃபேன் ஓட ஓட தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கும். ஆயிரத்துக்கு 35 பங்கில் நிற்க வேண்டிய உப்பு 41 காட்டியது. ஏப்ரல் மாதத்துச் சென்னை ஹாலில், 26 டிகிரி வேண்டிய உயிர்களுக்கு அந்த ஃபேன் எதற்குப் போதும்?

இதையெல்லாம்விட என் ரத்தம் கொதித்தது அந்தப் பாறையைப் பார்த்துத்தான். ‘லைவ் ராக்’ (பாக்டீரியா குடியிருக்கும் உயிர்ப்பாறை) என்று கிலோ கணக்கில் போட்டு விற்றது உண்மையில் பவளப்பாறைத் துண்டு. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், “ராமேஸ்வரம் பக்கம் சார்.” பில்லில் அந்த வரியே இல்லை. கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வைத்திருந்தாலே குற்றம், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பிறந்தநாள் பரிசு வாங்கிய என் அக்கா தலையில் இதைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. பல காலம் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததும் சேர்ந்து, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. இது தெரிந்த ஊரில் இன்னும் கிலோ கணக்கில் விற்பதா! செயற்கைப் பாறை கிடைக்கிறது. பாக்டீரியாவுக்கு அதுவே போதும்.

ஏன் முதல் நாளே மீன் விடுகிறீர்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டால் ஒரே பதில்: “கஸ்டமர் காத்திருக்க மாட்டாங்க சார், பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க.” யாரிடமாவது கேட்டுப் பார்த்தீர்களா? மொத்தக் காசையும் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டி மாட்டிய தேதி, மீன் விட வேண்டிய தேதி, இரண்டையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். டெஸ்ட் கிட்டைக் கையில் கொடுத்து, கலர் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். இப்போது என் அக்கா மகன் தினமும் ஸ்கூலிலிருந்து வந்ததும், மீன் இல்லாத தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டு, நோட்டில் நம்பர் எழுதுகிறான். அவனால் காத்திருக்க முடிகிறது. அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே காத்திருப்பான்.