சனிக்கிழமைக் காலையில் ஆட்டத்தைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்?

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணிகளின் ஆட்டங்களுக்கு முன்னால் தொலைக்காட்சியில் வரும் முன்னோட்ட நிகழ்ச்சிகளின் தரம் ஆண்டுக்கு ஆண்டு சரிந்து வருகிறது. அவற்றை மிகவும் விரும்பிப் பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நான் பெரும்பாலும் பேசப்போவது ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் ‘காலேஜ் கேம்டே’ பற்றி. பருவம் நடக்கும் மாதங்களில், சனிக்கிழமைதோறும் கிழக்குக் கடற்கரை நேரப்படி காலை 9 மணி முதல் நண்பகல் வரை, பெரும்பாலும் அந்த வாரத்தின் பெரிய ஆட்டம் நடக்கும் கல்லூரி வளாகத்திலிருந்தே அது நேரலையாக வருகிறது. வேறு நாட்டிலிருந்து வந்து, நான்காவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி) என்றால் என்ன, பந்தை ஏன் இப்போது உதைத்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கிய என் போன்றவர்களுக்கு இந்த ஆட்டத்தின் பாதி இலக்கணத்தைச் சொல்லிக் கொடுத்தது அந்த மேசையில் அமர்ந்திருந்தவர்கள்தான். இன்று புதிதாகப் பார்க்கத் தொடங்கும் ஒருவர் மூன்று மணி நேரம் அதன் முன் உட்கார்ந்தாலும், நண்பகலில் தொடங்கும் ஆட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு எழுந்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த நிகழ்ச்சி 1987-இல் ஒரு ஸ்டுடியோவுக்குள் தொடங்கியது. 1993 நவம்பர் 13 அன்று, முதலிடத்தில் இருந்த ஃபுளோரிடா ஸ்டேட் அணியும் இரண்டாம் இடத்தில் இருந்த நோட்டர் டேம் அணியும் மோதிய நாளில்தான் அது முதன்முதலாக ஸ்டுடியோவை விட்டு வெளியேறி இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகருக்குப் போனது. நோட்டர் டேம் 31-24 என்று வென்றது. அந்தப் பயணத்துக்குப் பிறகு நிகழ்ச்சியின் இயல்பே மாறியது. கல்லூரிக் கால்பந்தின் உயிர் ஊர்களில் இருக்கிறது. ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊரில் எண்பதாயிரம் பேர் அமரும் ஸ்டேடியம் இருக்கும் விந்தையை ஸ்டுடியோ மேசையிலிருந்து காட்டிவிட முடியாது. 2007-இல் மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ் கல்லூரிக்கு, அதாவது விளையாட்டுக்கென்று உதவித்தொகையே வழங்காத பிரிவில் ஆடும் ஒரு சிறு கல்லூரிக்கு, அதன் பழைய போட்டியாளரான ஆம்ஹர்ஸ்ட் உடனான ஆட்டத்துக்காக இவர்கள் போனார்கள். 2013-இலும் 2014-இலும் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரக் கடைவீதியிலேயே மேடை போட்டார்கள். அந்தக் காலைகளில் நிகழ்ச்சியின் நாயகன் ஊர்தான். மேசையில் இருந்தவர்கள் அதற்கு விருந்தினர்களாக வந்தவர்கள்.

மேசையிலும் உண்மையான உரையாடல் நடந்தது. கிறிஸ் ஃபவுலர் 1990 முதல் கால் நூற்றாண்டுக் காலம் நெறியாளராக இருந்தார். கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்திருக்கத் தெரிந்தவர். லீ கோர்சோ லூயிவில், இந்தியானா, வடக்கு இல்லினாய் ஆகிய கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து வெற்றியையும் தோல்வியையும் போதுமான அளவு பார்த்தவர். 1996-இல் ஒஹாயோ ஸ்டேட்டின் முன்னாள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கிர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 27, கோர்சோவுக்கு 61. ஒருவர் பயிற்சியாளரின் கண்ணாலும் மற்றவர் ஆட்டக்காரரின் கண்ணாலும் ஒரே ஆட்டத்தைப் பார்த்து முரண்பட்டார்கள். அந்த முரண்பாட்டைக் கேட்டுத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

அதே 1996 அக்டோபர் 5 அன்று, கொலம்பஸ் நகரில், ஒஹாயோ ஸ்டேட் பென் ஸ்டேட்டை வெல்லும் என்று கணித்த கோர்சோ, அதைச் சொல்லாமல் சொல்ல, ஒஹாயோ ஸ்டேட்டின் மாஸ்காட்டான, அதாவது அணியின் அடையாள உருவமான, புரூட்டஸ் பொம்மையின் தலையை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். அன்று முதல் ஒவ்வொரு நிகழ்ச்சியின் கடைசி நிமிடமும் அந்தத் தலைமாட்டலாகவே ஆகிப்போனது. இன்றைய சரிவின் வேரும் அந்த நிமிடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கோர்சோவின் வேடிக்கைக்கு மதிப்பு இருந்ததற்குக் காரணம், அதற்கு முன்னால் அவர் ஆட்டத்தைப் பற்றி அக்கறையோடு வாதிட்டிருந்தார் என்பதே. வாதத்தைக் கேட்டவர்களுக்குத்தான் முடிவின் வேடிக்கை இனிக்கும். தயாரிப்பாளர்களோ கூட்டம் எப்போது அதிகமாக ஆரவாரித்தது என்பதை மட்டும் கணக்கில் கொண்டு, அந்தக் கடைசி நிமிடத்தை மூன்று மணி நேரத்துக்கும் நீட்டிவிட்டார்கள். பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோறே இல்லாமல் பாயசமாக ஊற்றிக்கொண்டிருந்தால் எத்தனை நேரம் உட்கார்ந்திருக்க முடியும்?

நீளத்தையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். 2013-இல் நிகழ்ச்சி மூன்று மணி நேரமாக விரிந்தது. கூடுதலாகக் கிடைத்த நேரம் அலசலுக்குப் போகாமல் விளம்பரங்களுக்கும், விளம்பரதாரர் பெயர் தாங்கிய சிறு பகுதிகளுக்கும், தன் புதிய படத்தையோ பாடலையோ பற்றிப் பேச வரும் பிரபல விருந்தினருக்கும் போனது. மேசையில் ஆட்களும் கூடினார்கள். ஆறேழு பேர் ஒருவர் பின் ஒருவராகப் பேசியாக வேண்டும் என்றால், எவராலும் ஒரு கருத்தைத் தொடங்கி, சான்று காட்டி, முடிக்க இயலாது. ஒருவர் ஒரு அணியின் தற்காப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போதே அடுத்தவர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துவிடுகிறார், பின்னாலிருந்து எழும் முழக்கத்தில் வாக்கியத்தின் பின்பாதி மூழ்கிப்போகிறது.

இந்த வீணடிப்பு எனக்கு மிகவும் வலிப்பது நிக் சேபன் விஷயத்தில். லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒன்றும் அலபாமாவில் ஆறுமாக ஏழு தேசியப் பட்டங்கள் வென்ற பயிற்சியாளர், 2024 ஜனவரியில் ஓய்வு பெற்று, அதே ஆண்டு இந்த மேசைக்கு வந்தார். பந்தைப் பெற ஓடுபவர்கள் வழி பிரியும் விதத்தைப் பார்த்து, தற்காப்பு ஆட்டக்காரர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொறுப்பை மாற்றிக்கொள்ளும் முறையை இந்தத் தலைமுறைக்குக் கற்பித்தவர்களில் அவர் முக்கியமானவர். மூன்றாவது டவுனில் ஏழு யார்டு தேவைப்படும்போது ஒரு பயிற்சியாளர் மனத்தில் என்னென்ன ஓடும், பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் லட்சம் பேர் கூச்சலிடும் ஸ்டேடியத்தில் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறான் என்பதை விளக்க, இன்று உயிரோடிருப்பவர்களில் இவரைவிடத் தகுதியானவர் யார்? அவர் பேசத் தொடங்கும்போது நான் இப்போதும் ஒலியைக் கூட்டிவைக்கிறேன். ஒரு விளக்கத்தின் நடுவே அவரை நிறுத்தி, அடுத்த கேளிக்கைக்குத் தாவும் நிகழ்ச்சி, தன் கையில் இருப்பது என்ன என்றே அறியவில்லை.

பாட் மெக்கஃபீயைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. மேற்கு வர்ஜீனியாவிலும் பின்னர் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியிலும் பந்தை உதைத்தவர், 2022 முதல் இந்த மேசையில் முழுநேரமாக இருக்கிறார். பலர் எல்லாப் பழியையும் அவர் மேல் போடுகிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. அவருடைய உற்சாகம் நடிப்பு அல்ல. கூட்டத்திலிருந்து ஒரு மாணவரை அழைத்து, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து ஃபீல்டு கோல் போடச் சொல்லி, வென்றால் பெருந்தொகை கொடுக்கும் அவருடைய பகுதியை நான் மனமுவந்து பார்க்கிறேன், ஏனென்றால் அந்த வளாகத்தைச் சேர்ந்த ஒருவர் திரையின் நடுவில் நிற்கும் தருணம் இப்போது அது ஒன்றுதான். என் குறை, அவருடைய குரலின் உச்சத்தையே மூன்று மணி நேரத்துக்கும் பொதுச் சுருதியாக வைத்தவர்கள்மீது. உற்சாகம் ஒருவரிடமிருந்து வரலாம், எல்லோரிடமும் அதையே கேட்டு வாங்கினால் அது இரைச்சல்.

இன்னொன்றையும் இழந்தோம். முன்பு ஒவ்வொரு வாரமும் பொறுமையாகத் தயாரித்த ஒரு செய்திக்கதை இடம்பெறும். டாம் ரினால்டி அதில் வல்லவர். 2018 அக்டோபர் 20 அன்று, புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ஒரு பர்டியூ மாணவரைப் பற்றிய கதை ஒளிபரப்பானது. அன்றிரவு பர்டியூ அணி ஒஹாயோ ஸ்டேட்டை 49-20 என்று வீழ்த்தியது. காலையில் அந்தக் கதையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆட்டம் அட்டவணையில் உள்ள இன்னொரு வரியாக இருந்திருக்காது. ரினால்டி 2020 இறுதியில் போட்டித் தொலைக்காட்சியான ஃபாக்ஸுக்குப் போனார். 2023 ஜூன் இறுதியில் ஈஎஸ்பிஎன் சுமார் 20 முகங்களை ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கியபோது, தற்காப்பு ஆட்டத்தைத் தெளிவாக விளக்கிவந்த டேவிட் போலக்கும் அவர்களில் ஒருவர். அப்படி மிச்சப்படுத்திய பணம் எங்கே போனது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் திரையில் மிச்சமான வெற்றிடம் நன்றாகவே தெரிகிறது.

பந்தயத்தின் நுழைவு இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருகிறது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டத்தை நீக்கிய பிறகு, மாநிலம் மாநிலமாகப் பந்தயம் சட்டபூர்வமாகியது. ஃபாக்ஸும் ஈஎஸ்பிஎன்னும் தங்கள் பெயர் தாங்கிய பந்தயச் செயலிகளையே நடத்திப் பார்த்தன. யார் வெல்வார் என்ற பழைய கேள்வி, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்வார் என்று மாறிவிட்டது. இந்த இரண்டு கேள்விகளும் வெவ்வேறு மனநிலைகளிலிருந்து பிறப்பவை. முதல் கேள்விக்கு ஆட்டத்தை அறிந்திருக்க வேண்டும், இரண்டாவதற்கு இழக்கப் பணம் இருந்தால் போதும். இங்கே ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தனிப்பட்ட கல்லூரி வீரர்களின் ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்டுவதை மாநிலங்கள் தடைசெய்ய வேண்டும் என்று 2024 மார்ச்சில் கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்சிஏஏவின் தலைவர் சார்லி பேக்கரே கேட்டுக்கொண்டார். அத்தகைய எச்சரிக்கையை விரிவாகப் பேச வேண்டிய மேடையில் பந்தய நிறுவனங்களின் விளம்பரம் ஓடுகிறது.

இந்த ஆட்டத்தின் அடித்தளமே ஆட்டம் கண்ட ஆண்டுகள் இவை என்பதால்தான் இவ்வளவு வருத்தம். 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயராலும் புகழாலும் பணம் ஈட்டலாம். 2025 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். வீரர்கள் ஆண்டுதோறும் கல்லூரி மாறுகிறார்கள். மேற்குக் கடற்கரையின் நூற்றாண்டுப் பழைமை வாய்ந்த, கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் பேக்-12 கூட்டமைப்பிலிருந்து பன்னிரண்டில் பத்துக் கல்லூரிகள் வெளியேறின. பசிபிக் கரையோரத்தில் இருக்கும் கலிஃபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும் இப்போது அட்லாண்டிக் பெயர் தாங்கிய கூட்டமைப்பில் ஆடுகின்றன. இவற்றுக்கெல்லாம் பெரும் காரணம் ஒளிபரப்பு உரிமைப் பணம். அந்தப் பணத்தைக் கொடுப்பவர்களில் முதன்மையானவர்கள் ஈஎஸ்பிஎன்னும் ஃபாக்ஸும்தான். தென்கிழக்குக் கூட்டமைப்பின் உரிமையும், பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களின் உரிமையும் கையில் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் மேசையில், எந்த அணி பிளேஆஃபுக்குத் தகுதியானது என்ற விவாதம் நடக்கும்போது அந்த உறவை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பேசுவதுதான் முறை. 13 ஆட்டங்களிலும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட் 2023-இல் பிளேஆஃபுக்கு அப்போது தேர்வான நான்கு அணிகளுக்குள் சேர்க்கப்படாதபோது எழுந்த சந்தேகங்களில் எத்தனை நியாயமானவை என்பது வேறு விஷயம். சந்தேகம் எழ இடம் கொடுத்தது அந்த உறவைப் பற்றிய மௌனம்.

வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கொடி ஒன்று 2003 முதல், அந்த அணி ஆடினாலும் ஆடாவிட்டாலும், ஒவ்வொரு கேம்டே நிகழ்ச்சியிலும் பின்னணியில் பறக்கிறது. அதன் முன்னாள் மாணவர்கள் ஊர் ஊராகக் கொடியை அனுப்பி, யாராவது ஒருவரை அதிகாலையில் நிறுத்தி, அசைக்கச் செய்கிறார்கள். பதினைந்து ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு 2018-இல் நிகழ்ச்சி அவர்களுடைய புல்மன் நகருக்கு வந்தது. பேக்-12 சிதறியபோது கைவிடப்பட்ட இரண்டு கல்லூரிகளில் ஒன்று அதே வாஷிங்டன் ஸ்டேட். 2023 செப்டம்பரில் அது, கைவிடப்பட்ட மற்றொன்றான ஒரிகன் ஸ்டேட்டோடு மோதிய நாளில், கோர்சோ அந்த ஆட்டத்தைக் கேலியாகக் குறிப்பிட்டார். நான் இவ்வளவு மதிக்கும் கோர்சோதான். வாஷிங்டன் ஸ்டேட் பயிற்சியாளர் ஜேக் டிக்கர்ட் வெற்றிக்குப் பிறகும் அதைச் சொல்லி வெளிப்படையாக மனம் நொந்தார். நிகழ்ச்சிக்கு அவ்வளவு விசுவாசமாக இருந்த ஓர் ஊர் ஏன் கைவிடப்பட்டது என்பதை விளக்க மூன்று மணி நேரத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

ஃபாக்ஸ் 2019-இல் ‘பிக் நூன் கிக்காஃப்’ என்ற தன் முன்னோட்ட நிகழ்ச்சியைத் தொடங்கியபோது எனக்கு நம்பிக்கை இருந்தது. ஒஹாயோ ஸ்டேட்டின் முன்னாள் பயிற்சியாளர் அர்பன் மேயர் போன்ற ஒருவரை வைத்து அவர்கள் ஆட்டத்தின் உள்விவரங்களைப் பேசினார்கள். போட்டி இருந்தால் இரண்டும் மேம்படும் என்று நினைத்தேன். நடந்தது எதிர்மாறாக, யார் அதிகச் சத்தம் எழுப்புவது என்ற போட்டியாக மாறியது. 2025-இல் அவர்கள் சேர்த்துக்கொண்டது இணைய விளையாட்டு ஊடகமான பார்ஸ்டூல் ஸ்போர்ட்ஸின் நிறுவனர் டேவ் போர்ட்னாயை. இணையத்தில் அவருக்குப் பெரும் கூட்டம் உண்டு என்பதைத் தவிர அந்தத் தேர்வுக்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

பார்ப்பவர்கள் எண்ணிக்கை குறையவில்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். 2025 ஆகஸ்ட் 30 அன்று, 90 வயதில் கோர்சோ கடைசியாகப் புரூட்டஸ் தலையை அணிந்த காலை நிகழ்ச்சியைச் சுமார் 35 லட்சம் பேர் பார்த்தார்கள். அதுவரை எந்தக் கேம்டேவுக்கும் அத்தனை பேர் வந்ததில்லை. ஆனால் அந்தக் கூட்டம் வந்தது, முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த மேசை சம்பாதித்து வைத்த அன்புக்காக. அந்தச் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள், புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. முதல் மணி நேரத்தில் அரை மணி மட்டும் சேபனையும் ஹெர்ப்ஸ்ட்ரீட்டையும் ஒரு திரையின் முன் நிறுத்தி, அன்றைய இரண்டு அணிகளின் முந்தைய ஆட்டக் காட்சிகளை ஓடவிட்டு, நிறுத்தி, விளக்கச் சொல்லுங்கள். பந்தயக் கணக்குகளை வேறு நிகழ்ச்சிக்கு அனுப்புங்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஃபார்கோ போன்ற ஊருக்குப் போங்கள். மற்ற இரண்டரை மணி நேரத்தையும் உங்கள் விருப்பப்படி நடத்திக்கொள்ளுங்கள், அந்த அரை மணி நேரத்துக்காக நான் ஒன்பது மணிக்கே தொலைக்காட்சி முன் இருப்பேன்.