கண்ணுக்கு விருந்து, கதைக்குப் பட்டினி

2022இல் சாம் ரெய்மி இயக்கிய மார்வெல் சூப்பர்ஹீரோ படமான ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ இரண்டாம் பாகத்தில் அந்த இசைச் சண்டை இருக்கிறதே, அடடா! தாளிலிருந்த ஸ்வரக் குறிகள் எழும்பி ஆயுதமாகப் பறக்கின்றன. இசைமேதைகள் பாக்கும் பீத்தோவனும் ஸ்வரங்களாக மோதிக்கொள்கிறார்கள். இதை யோசித்தவர்கள் கதையை ஏன் அம்போவென்று விட்டார்கள்? ‘வாண்டாவிஷன்’ தொடரில் ஒன்பது எபிசோடு துக்கத்தோடு போராடிய சூனியக்காரி வாண்டா, இங்கே ஆரம்பத்திலேயே கொலைகாரி! காரணம்? ஒரு மந்திரப் புத்தகம். அவ்வளவுதான். பேட்ரிக் ஸ்டூவர்ட்டை மறுபடி ‘எக்ஸ்-மென்’ படங்களின் புரொஃபசர் எக்ஸாகக் கூட்டிவந்தது கழுத்தை முறிக்கத்தானா? வயிறு எரிகிறது. பல பிரபஞ்சங்களுக்குத் தாவும் படத்தில், பெயிண்டாகவே கரைந்தோடும் ஓர் உலகம் வருகிறது. கண் சிமிட்டுவதற்குள் போய்விடுகிறது. நிதானமாகச் சுற்றிப் பார்க்கக் கிடைப்பதோ, சிக்னலில் சிவப்பு எரிந்தால் நடக்கிற இன்னொரு நியூயார்க்!