செய்தவர்களின் பெயரைக் கிரகத்தின் தலையில் எழுதாதீர்கள்

அந்த "கொழும்பின் சாதகம்" வீடியோவை நேற்று இரவு கடைசி நிமிடம் வரை பார்த்து முடித்தேன். பெரியப்பாவில் தொடங்கி லண்டன் மச்சாள் வரை எல்லோரும் குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தார்கள். இங்கே என் நண்பர்கள் பட்டியலிலும் பாதிப்பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். "எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்" என்று கீழே ஒரே புகழ். பார்க்காமல் பேசுகிறாய் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் முழுதும் பார்த்தேன்.

வீடியோவில் பலன் சொன்ன சோதிடரின் பேச்சுச் சுருக்கம் இது. கொழும்பு சர ராசியில், அதாவது நிலையாக நிற்காத ராசியில் பிறந்த ஊர், ராகுவின் பிடியில் இருக்கிற ஊர். கடலால் வந்தவர்களை வாழ வைக்கும், ஆனால் நிலைக்க விடாது. 83இல் தமிழருக்கு எதிரான கலவரம், 96இல் மத்திய வங்கியில் குண்டு, 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், 2021இல் எரிந்த கப்பல், எல்லாம் அந்தச் சாதகத்தில் முன்பே இருந்தவை. கடைசியில், "தமிழ் ஆட்கள் இந்த ஊரில் உழைக்கலாம், வேர்விட ஏலாது. அது ஊரின்ர அமைப்பு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு எரிந்தது.

நான் சாத்திரத்துக்கு எதிரி இல்லை. புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற ஆள் நான். மகளின் சாதகத்தையும் முறையாக எழுதி வைத்திருக்கிறேன். என் கோபம் சாத்திரத்தின் மேல் இல்லை. மனிதர்கள் திட்டம் போட்டுச் செய்த காரியங்களைத் தூக்கிக் கிரகங்களின் தலையில் வைப்பதுதான் என்னால் பொறுக்க முடியாத விஷயம்.

முதலில் சாத்திரப்படியே பேசுவோம். ஒருவருக்குச் சாதகம் கணிக்கப் பிறந்த நேரமும் இடமும் வேண்டும். லக்கினம், அதாவது கிழக்கே உதிக்கிற ராசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றாக மாறும். கொழும்பு எப்போது பிறந்தது? 1344இல் இபுன் பதூதா வந்தபோதே இங்கே ஒரு துறைமுகப் பட்டினம் இருந்தது. போர்த்துக்கேயர் 1505இல் வந்தார்கள். 1656இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர். மாநகர சபைக்குச் சட்டம் வந்தது 1865இல். இவர் இவற்றில் எதையும் எடுக்கவில்லை. 1948 பெப்ரவரி 4ஐ எடுத்து வைத்துக்கொண்டு பலன் சொல்கிறார். அது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த நாள். அதே சாதகம்தானே காலிக்கும் கண்டிக்கும் மட்டக்களப்புக்கும்? கொழும்புக்கு மட்டும் எங்கிருந்து தனி விதி வந்தது?

ஊருக்கும் நாட்டுக்கும் பலன் சொல்லச் சாத்திரத்திலேயே வேறு முறை இருக்கிறது. வராகமிகிரர் எழுதிய பழைய சோதிட நூலான பிருகத் சம்ஹிதையில் கூர்ம விபாகம் என்று ஒரு அத்தியாயம். கார்த்திகையில் தொடங்கி மூன்று மூன்று நட்சத்திரமாகத் திசைகளுக்குப் பிரித்து, எந்தெந்தத் தேசம் எதில் அடங்கும் என்று சொல்லியிருக்கும். இலங்கை தெற்கில், உத்தரம், அத்தம், சித்திரையோடு வரும். அதிலும் தேசத்துக்குத்தான் பலன், கொழும்புக்கு என்று தனியாக இல்லை. இதைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு வார்த்தை கிடையாது.

83 ஜூலையில் சனி எங்கே இருந்தது என்று பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். துலாத்தில், உச்சத்தில், அதாவது அதற்கு மிகப் பலமான இடத்தில். உச்சச் சனி நீதி தரும் என்று படித்த சாத்திரிமார் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஜூலையில் யாருக்கு நீதி கிடைத்தது? 2019 ஏப்ரலில் தனுசில் சனியும் கேதுவும் சேர்ந்து நின்றது உண்மை. அதே வானம்தான் அன்றைக்குச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் மேலே இருந்தது. சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச்சில், வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026இல். நம் பஞ்சாங்கங்களுக்குள்ளேயே கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்கும்போது, ஒரு நகரத்தின் சாவுக்கு மட்டும் இவ்வளவு துல்லியமாக எப்படிக் கணக்குப் போட்டார்?

"துறைமுக யோகத்தோடு பிறந்த ஊர்" என்றதையும் விடமாட்டேன். இயற்கை கொடுத்த துறைமுகம் இந்தத் தீவில் திருகோணமலை. கொழும்பு தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நெஞ்சைத் திறந்துகொண்டு இருந்த கரை. கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு அலையில் ஆடிக்கொண்டிருக்கும். பெரிய கப்பல்கள் காலிக்குத்தான் போயின. 1867இல் கண்டிக்கு ரயில் ஓடியது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, 1875இல் அலைதடுப்புச் சுவருக்குக் கல் வைத்து 1885இல் முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் காலி போய்க் கொழும்பு வந்தது. மலையில் கோப்பியும் பிறகு தேயிலையும் பறித்த கைகளும், இங்கே மூட்டை சுமந்த நாட்டாமிமாரின் முதுகும்தான் இந்த ஊரின் யோகம். அந்தக் கைகளில் பெரும்பாலானவை யாருடைய கைகள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களைத்தான் இவர் "வந்தவர்கள்" என்கிறார்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். 83இல் அம்மம்மா குடும்பம் வெள்ளவத்தையில் இருந்தது. வீடு எரிந்தபோது அலுமாரியில் இருந்த சாதகக் கட்டும் எரிந்தது. அம்மாவுடையது, மாமாமாருடையது, அதற்கு முந்திய தலைமுறையின் ஓலைகள், எல்லாம். பம்பலப்பிட்டி முகாமில் சில நாள் இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அதே கொழும்புத் துறைமுகத்திலிருந்துதான். பின்பு அம்மாவுக்குக் கல்யாணம் பேசும்போது பொருத்தம் பார்க்கச் சாதகம் இல்லை. "திருவோணம், விடியப்புறம், கோயில் மணி அடிச்ச நேரம்" என்பதுதான் அம்மம்மாவுக்கு நினைவிருந்தது. அதை வைத்துக் கோண்டாவிலில் ஒரு சாத்திரியார் இரண்டு லக்கினம் போட்டுக் கொடுத்தார். "இதில எது எண்டு என்னால உறுதியாச் சொல்ல ஏலாது பிள்ளை. தெரியாததைச் சொன்னால் எனக்குப் பாவம்" என்றாராம்.

அவர் சாத்திரி. கண் முன்னே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கே பிறந்த நேரம் தெரியாமல் பலன் சொல்ல மறுத்தவர். நான் மதிக்கிற சாத்திரம் அதுதான். பிறந்த நேரமே இல்லாத ஒரு நகரத்துக்குப் பலன் சொல்லி, கடைசியில் பரிகாரத்துக்குத் தொலைபேசி இலக்கமும் போடுகிறவரை அந்த வரிசையில் என்னால் வைக்க முடியாது.

எங்கள் சாதகங்களை எரித்தது ராகு இல்லை. பொரளை கனத்தை மயானத்தில் தொடங்கி வீதி வீதியாக வந்தவர்கள் எரித்தார்கள். அவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழ் வீடு என்று பார்த்துப் பார்த்து எரித்தார்கள். பட்டியலை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். வாகனமும் பெற்றோலும் யாரோ கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது. 2004இல் ஜனாதிபதியாக இருந்த சந்திரிகா குமாரதுங்க மன்னிப்புக் கேட்டார், சரி. ஆனால் எங்கள் வீட்டை எரித்தவன் யார் என்று இன்றைக்கு வரை ஒருவரும் வந்து எங்களிடம் சொன்னதில்லை. இப்போது இவர் வந்து, அது ஊரின் அமைப்பு என்கிறார்.

மத்திய வங்கியையும் பேசிவிடுகிறேன். 1996 ஜனவரி 31 அன்று வெடிமருந்து லொறியைக் கொண்டுபோனது புலிகள். செத்தது வேலைக்குப் போனவர்களும் தெருவில் நடந்தவர்களும். இதை எழுதினால் சிலர் என்னை நட்பிலிருந்து நீக்குவீர்கள், நீக்குங்கள். 83க்குப் பெயர் கேட்கிற எனக்கு 96க்கும் பெயர் சொல்கிற கடமை இருக்கிறது.

2019இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததற்கும் தனுசுச் சனியைக் காட்டுகிறார். செவ்வாய்க்கிழமைகளில் சைவ ஆட்களும் போய் மெழுகுதிரி கொளுத்துகிற கோயில் அது. அம்மாவும் போவார். இப்படி நடக்கப்போகிறது என்று ஏப்ரல் ஆரம்பத்திலேயே இந்தியா எச்சரித்தது. இங்கே கையில் அந்த எச்சரிக்கைக் கடிதம் இருந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. 2021இல் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலும் அப்படித்தான். கசிகிற அமிலக் கொள்கலனோடு வந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அதை இறக்க மறுத்தார்கள். 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் கப்பல்காரரை நூறு கோடி டொலர் கட்டச் சொன்னது. நீதிபதிகள் சனிக்கும் ராகுவுக்கும் அழைப்பாணை அனுப்பவில்லை. ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

இப்போது சிலர் வருவீர்கள். "சாத்திரம் படிக்காமல் பேசாதே" என்பவர்களுக்கு மேலே எழுதியது போதும். "சும்மா பொழுதுபோக்கு வீடியோ" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. எங்கள் சாவு யாருக்கும் பொழுதுபோக்கு இல்லை. "அவர் சொன்னது பலித்ததே" என்கிறவர்கள், நடந்து முடிந்தவற்றை மட்டும்தான் அவர் சொல்லியிருக்கிறார் என்பதைத் திரும்பப் பாருங்கள். 2015 ஜனவரி 8 தேர்தலுக்கு மகிந்த ராஜபக்சவுக்கு நாள் குறித்துக் கொடுத்த சாத்திரியும் வெற்றி நிச்சயம் என்றுதான் சொன்னார். அவர் தோற்றது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு கேள்வி மட்டும் எனக்குக் கஷ்டம். ஒரு அக்கா உள்பெட்டியில் எழுதினார்: "விதி எண்டு நினைச்சால்தான் எனக்கு நித்திரை வருது. அதையும் பறிக்கிறியே?" அவர் 83இல் அண்ணனை இழந்தவர். அக்கா, உங்களிடமிருந்து எதையும் பறிக்க நான் யார்? நீங்கள் விதி என்று நினைப்பது உங்கள் ஆறுதல், அதில் ஒருவரும் வாய் வைக்கக் கூடாது. ஆனால் அந்த ஆறுதலை எடுத்துப் பெரிய ஒலிபெருக்கியில் ஊருக்கெல்லாம் சொல்லும்போது, உங்கள் அண்ணனைக் கொன்றவனும் அதைக் கேட்கிறான். அவனுக்கும் நித்திரை வருகிறது. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"வேர்விட ஏலாது" என்றாரே, செட்டியார் தெருவுக்கு வந்து பார்க்கட்டும். கதிரேசன் கோயில்களுக்கு முன்னால் நின்று அதே வசனத்தைச் சொல்லட்டும். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலைப் பொன்னம்பல முதலியார் கட்டியது 1850களில். மகன் இராமநாதன் அதைக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து செத்தவர்களுக்கு வேறு ஊர் எது? இதையெல்லாம் எழுதிக் காட்ட வேண்டி வந்ததே எனக்கு அவமானமாக இருக்கிறது. யாரும் காலிக்காரரிடம் கொழும்பில் உனக்கு வேர் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

2007 ஜூன் 7 விடியற்காலை நினைவிருக்கிறதா? கொழும்பு லொட்ஜுகளில் படுத்திருந்த தமிழ்ச் சனத்தை எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஒரு மனு போட்டு ஒரே நாளில் நிறுத்தக்கூடிய ஒன்று எப்படி விதியாகும்? அது ஒரு உத்தரவு. யாரோ போட்ட உத்தரவு, வேறு யாரோ துணிந்து மனுப்போட்டு மறித்தார்கள்.

வீடியோவில் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டச் சொல்லி அவருடைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுவேன். பெரியப்பா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். கோபிக்க வேண்டாம். குழுவில் அனுப்பியதை அழித்துவிடுங்கள், அம்மா இன்னும் பார்க்கவில்லை.